சாலைக்கு முதுகு காட்டிய கடை

இருந்த ஒரு கடையை இல்லையென்று வரைந்தவன் நான். தெரிந்தே வரைந்தேன். நல்ல பகல் வெளிச்சத்தில், கூர் தீட்டிய பென்சிலோடு, யாரும் மிரட்டாமல் செய்த காரியம். "அந்தக் காலம் அப்படி" என்று எனக்காக நீங்கள் சமாதானம் சொல்ல வேண்டாம். அந்தக் காலத்திலும் நான்கு கோடு போட ஒரு நிமிஷம்தான் ஆகும். நான் போடவில்லை.

போன வாரம் முழங்கால் மாத்திரைக்காக ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் ஜன்னல் முன்னால் வரிசையில் நின்றேன். மழை சாய்ந்து அடித்தது. உள்ளே இருந்த பெண் ஜன்னலை முக்கால்வாசி சாத்திவிட்டு, மிச்சமிருந்த இடுக்கு வழியாக மாத்திரைகளைத் தள்ளிக்கொண்டிருந்தாள். என் சீட்டு நனைந்து, ஏற்கெனவே படிக்க முடியாத டாக்டரின் கையெழுத்து இன்னும் கலங்கிப் போயிற்று. பின்னால் நின்றவர் உரக்கச் சொன்னார்: "எந்த மடையன்யா இந்த ஜன்னல இந்தப் பக்கம் வச்சான்?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. அந்த ஆஸ்பத்திரியை நான் வரையவில்லை. ஆனாலும் திரும்பி "நான்தான்" என்று சொல்லிவிடப் பார்த்தேன்.

நான் வைத்த ஜன்னல் ஒரு சினிமாக் கொட்டகையின் டிக்கெட் ஜன்னல். அறுபதுகளில் நடந்தது. பாளையங்கோட்டைப் பக்கத்திலிருந்து, சர்க்கார் ஆபீஸில் கட்டடப் படம் வரையும் டிராஃப்ட்ஸ்மேன் வேலைக்கு, போர்ட் பிளேருக்குக் கப்பலேறி வந்து எனக்கு இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. டெலானிபூர் மேட்டில் குவார்ட்டர்ஸ். ஹேடோ துறைமுகத்திலிருந்து அந்த மேட்டுக்கு ஏறும் சாலையில், ஒரு வளைவில், அந்தக் கொட்டகை இருந்தது. தகரக் கூரை, மரச் சுவர், உள்ளே பெஞ்சு. மழை வலுத்தால் கூரைச் சத்தத்தில் வசனம் கேட்காது. யாரும் கவலைப்பட மாட்டார்கள். வசனம் எல்லோருக்கும் மனப்பாடம்.

ஏன் மனப்பாடம் என்றால், படப்பெட்டி கப்பலில் வர வேண்டும். மெயின்லேண்டிலிருந்து அடுத்த கப்பல் வரும்வரை அதே படம்தான். கடல் கொந்தளித்துக் கப்பல் தாமதமானால் கதாநாயகி கூடுதலாக ஒரு வாரம் அழுவாள். இந்தி, தமிழ், தெலுங்கு, வங்காளி என்று பெட்டியில் எது வருகிறதோ அதை ஊரே பார்க்கும். முந்தின நாள் பார்த்தவன் மறுநாளும் வந்து நிற்பான், வரிசையில் நிற்கிற மற்றவனுக்குக் கதை சொல்ல. கதை கேட்டுவிட்டுப் படம் பார்ப்பதில்தான் எங்களுக்குச் சுகம். "இவன் சாவானா?" என்று வங்காளிக் குடியேறி கேட்பான். "மரேகா, மரேகா. ஆனா பாட்டு முடிஞ்சப்புறம்" என்று ஒரு துறைமுகத் தொழிலாளி தைரியம் சொல்வான்.

இந்த வரிசைதான் என்னை முதலில் துணுக்குற வைத்தது. எங்கள் ஊர்க் கொட்டகையில் தரை டிக்கெட்டுக்குத் தனிச் சந்து, பெண்களுக்குத் தனிக் கூண்டு, நாற்காலிக்கு முன்வாசல். இங்கே ஒரே வரிசை. காட்டு இலாகாவில் மரம் வெட்டும் ராஞ்சிக்காரனுக்குப் பின்னால் எங்கள் ஹெட் கிளார்க் நிற்பார். அவருக்குப் பின்னால் ஒரு குடும்பம் புருஷன் பெண்டாட்டி பிள்ளையோடு. யாரும் யாரையும் தள்ளிப்போகச் சொல்வதில்லை. நான் அதை ஒழுங்கீனம் என்று நினைத்தேன். மெயின்லேண்டிலிருந்து வந்த பெட்டியில் துணியை மட்டுமா மடித்து வைத்துக்கொண்டு வந்தேன்?

அந்த வரிசை நின்றது பார்வதியின் டீக்கடையை ஒட்டி. வளைவில், கொட்டகைக்கு முன்னால், பலகையும் தகரமுமாக ஒரு கடை. இங்கேயே பிறந்தவள். அவளுடைய தாத்தா சென்னை ராஜதானியிலிருந்து கைதியாக வந்தவர். பாட்டி வடக்கே எங்கிருந்தோ வந்த கைதி. அப்படி இங்கே கலந்த குடும்பங்களில் ஒன்று. அவள் தமிழில் பாதி இந்தி. தமிழர்கள் அவளைப் பார்வதியக்கா என்பார்கள், மற்றவர்கள் தீதி.

அவள் கடையில் ஒரு விசித்திரம் உண்டு. அது சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. கடல் பக்கமிருந்து ஏறிவரும் ஒருவனுக்குப் பலகைச் சுவர்தான் தெரியும். சுற்றிக்கொண்டு மலைச்சரிவுப் பக்கம் போனால்தான் அடுப்பும் அவள் முகமும். டீக்கடை வைத்திருப்பவள் வாடிக்கையாளருக்கு முதுகைக் காட்டுவாளா என்று நான் ஆபீஸில் சொல்லிச் சிரித்திருக்கிறேன். டிராயிங் படித்தவன் அல்லவா.

கொட்டகையைச் சுப்பையா என்ற காண்ட்ராக்டர் வாங்கினார். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறார். ஆபீஸ் நேரம் போக மற்ற நேரத்தில் வெளியாருக்குப் பிளான் போட்டுக் கொடுப்பது எங்களுக்குள் வழக்கம். அந்தப் பிளான் அனுமதிக்கு வருவதும் எங்கள் ஆபீஸுக்குத்தான். இதில் உள்ள கோணல் எனக்குத் தெரியாமல் இல்லை.

எல்லாம் சரியாகத்தான் போயிற்று, டிக்கெட் ஜன்னல் வரும்வரை. சுப்பையா இடத்தைக் காட்டினார். "தம்பி, சனம் கூடுறது வளைவுலதான். கீழ ஹேடோக்காரன், மேல ஆபீஸ்காரன், ரெண்டு பேரும் வந்து முட்டுற இடம். ஜன்னல் அங்கதான் வேணும்."

"அங்க ஒரு டீக்கடை இருக்கே, அண்ணாச்சி."

"இருக்கா?" அவர் என் கையிலிருந்த தாளைப் பார்த்தார். "உங்க பேப்பர்ல இன்னும் ஒண்ணும் இல்லையே."

அவ்வளவுதான் பேச்சு. வளைவு சர்க்கார் நிலம். அதை ஒதுக்கிக் கேட்கும் மனுவோடு, நிலத்தில் என்னென்ன இருக்கிறது என்று காட்டும் படம் வைக்க வேண்டும். கடை இருந்தால் விசாரணை வரும். இல்லையென்றால் வராது. நான் மரத்தை வரைந்தேன். வாய்க்காலை வரைந்தேன். ஒரு விளக்குக் கம்பத்தைக்கூட வரைந்தேன். கடை இருந்த இடத்தைக் காலியாக விட்டேன்.

ஏன் என்று கேட்பீர்கள். புதுக் கொட்டகையில் கடைசி வரிசையில் எனக்கென்று ஒரு நாற்காலி, ஆயுளுக்கும், என்று சுப்பையா சொல்லியிருந்தார். அது ஒன்று. ஆனால் அதைக் காரணமாகச் சொன்னால் பாதிதான் உண்மை. கைதியின் பேத்தி, இவள் எங்கே போய் முறையிடப் போகிறாள் என்று நினைத்தேன். இந்த வாக்கியத்தை எழுதுவதற்கு எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

அனுமதி வந்தது. ஒரு காலையில் சுப்பையாவின் ஆட்கள் கடப்பாரையோடு போனார்கள். அளந்து கொடுக்க நானும் போயிருந்தேன். பார்வதி கத்தவில்லை. அடுப்பை அணைக்காமலே என்னிடம் வந்தாள்.

"பாபு, ஏன் கடைய உடைக்கிறாங்க?"

"காலி இடம்னு ஒதுக்கியாச்சு. படத்துல கடை இல்ல."

"காட்டு."

விரித்துக் காட்டினேன்.

"இதுல நான் இப்ப எங்க நிக்கிறேன்?"

நான் வெற்றிடத்தைத் தொட்டுக் காட்டினேன். அவள் தன் பெருவிரலை, டீ வடிகட்டிய ஈரத்தோடு, அந்த இடத்தில் அழுத்தி எடுத்தாள். பழுப்பாக ஒரு வட்டம். "இப்ப இருக்கேனா இல்லையா?" என்றாள். சுப்பையாவின் ஆட்கள் சிரித்தார்கள். நான் ஒற்றுத்தாளை எடுத்து அதைத் துடைத்தேன்.

போகும்போது ஒன்று சொல்லிவிட்டுப் போனாள். "ஜன்னல ரோடு பாத்து வைக்காத பாபு. பாரிஷ் அந்தப் பக்கம்தான் வரும்."

பாரிஷ் என்றால் மழை. இடம் போன கோபத்தில் பேசுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். ஜன்னல் என்பது வருகிறவனைப் பார்த்துத்தானே இருக்க வேண்டும்? சாலையைப் பார்த்து, தென்மேற்காக, அழகான வளைவு வைத்து ஜன்னல் வரைந்தேன். என் ஊரில் மழை என்றால் சாரல். இங்கே மே மாதத்தில் கடல் எழுந்து நின்று வருமென்று எனக்கு மண்டையில் ஏறவில்லை. ஒரு மழைக்காலத்தைக் குவார்ட்டர்ஸிலும் ஆபீஸிலும் கழித்தவனுக்கு அது எந்தத் திசையிலிருந்து வந்ததென்று எப்படித் தெரியும்?

புதுக் கொட்டகை கட்டித் திறந்த பிறகு, முதல் பெரிய மழை ஒரு மாலைக் காட்சிக்கு வந்தது. டிக்கெட் கொடுத்தவர் கோபி என்ற மலையாளி. ஜன்னலைத் திறந்தார். மழை நேராக உள்ளே போய் அவர் மடியில் உட்கார்ந்தது. டிக்கெட் புத்தகம் ஊறி, இளஞ்சிவப்புச் சாயம் அவர் வேட்டியில் இறங்கியது. சாத்தினார். திறந்தார். மறுபடி சாத்தினார். வெளியே பார்த்தால் வரிசையில் ஆளே இல்லை.

வரிசை கொட்டகையைச் சுற்றிக்கொண்டு பின்னால், மலைச்சரிவுப் பக்கம் போயிருந்தது. அங்கே சரிவின் மண் இறங்காமல் கட்டிய தாங்குசுவரை ஒட்டி, இருபதடி தள்ளி, பார்வதி தன் பலகைகளையும் தகரத்தையும் மறுபடி நிறுத்தியிருந்தாள். மழைக்கு முதுகைக் காட்டி. தாழ்வாரத்தைக் கொஞ்சம் நீட்டமாக இறக்கியிருந்தாள். ஊர் அதன் கீழே நின்று படத்தின் கதையைப் பேசிக்கொண்டிருந்தது. கோபி குடை பிடித்துக்கொண்டு, டிக்கெட் புத்தகத்தை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு அங்கே போய், அவள் பெஞ்சில் உட்கார்ந்து டிக்கெட் கிழித்தார். அன்றைக்கு மட்டுமல்ல. ஆடி முழுக்க, ஆவணி முழுக்க. நான் வளைவு வைத்துக் கட்டிய அறையில் ஒரு நாய் குட்டி போட்டது.

நான் அந்த வரிசைப் பக்கம் போகாமல், நேரே உள்ளே நுழைந்து என் நாற்காலியில் உட்காருவேன். இரண்டு மூன்று முறை உட்கார்ந்தேன். திரையில் யார் பேசினாலும் என்னைப் பார்த்துப் பேசுவதுபோல் இருந்தது. பிறகு உட்கார முடியவில்லை.

சுப்பையா மறுபடி கூப்பிட்டார். "தம்பி, ஜன்னல கிழக்குச் சுவர்ல உடைச்சு வைங்க. அந்தம்மா கடைக்கு எதிர்த்தாப்புல."

"அந்தப் பழைய ரூம அவங்களுக்கே குடுத்துடுங்க, அண்ணாச்சி. அவங்க இடம்தானே?"

அவருக்கு ஆச்சரியம், ஆனால் மறுக்கவில்லை. நாயைத் தவிர யாருக்கும் வேண்டாத அறை அது. நானே ஓடிப்போய்ப் பார்வதியிடம் சொன்னேன். ஏதோ தர்மம் செய்கிறவன்போல மூச்சு வாங்கியது எனக்கு.

அவள் கிளாஸைக் கழுவிக்கொண்டே கேட்டாள். "அந்த ரூமா? மழை நேரா உள்ள வருமே, அதா?"

"ஆமா..."

"நீ போய் உக்காரு பாபு. கட்டினவன் நீதானே."

தாழ்வாரத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். டீ கேட்டேன். கொடுத்தாள். எனக்கு முன்னால் வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்த பிறகு, பின்னால் வந்த இரண்டு பேருக்கும் கொடுத்த பிறகு.

அன்றிரவு தூங்கவில்லை என்றெல்லாம் சொல்ல மாட்டேன். நன்றாகத் தூங்கினேன். மறுநாள் ஆபீஸில் புதுப் படம் போடும்போதுதான் கை நின்றது. கிழக்குச் சுவரை வரைந்தேன், புது ஜன்னலை வரைந்தேன், தாங்குசுவரை வரைந்தேன். பிறகு அவள் கடையை, நீள அகலம் தவறாமல், அடுப்பு இருக்கும் மூலை உட்பட வரைந்தேன். ஓரத்தில் எழுதினேன்: இந்தக் கடை முன்பு வளைவில் இருந்தது, அந்த இடம் காலி என்று நான் காட்டிய படம் பொய்யானது, பொய் என்று தெரிந்தே வரைந்தேன். கீழே கையெழுத்து.

எங்கள் அதிகாரி படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "எல்லாத்துக்கும் ஒரு ஸ்கேல் உண்டுய்யா. மனசாட்சிய எந்த ஸ்கேல்ல வரைஞ்சிருக்க?"

"ஒண்ணுக்கு ஒண்ணு, சார்" என்றேன். அந்தப் பதிலில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது. இந்த வயதிலும் அந்தப் பெருமையை நினைத்தால் கூசுகிறது.

மாலையில் பார்வதியிடம் போய், ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்துவிட்டதைச் சொன்னேன். அவள் மகிழ்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முகம் மாறியது.

"எங்க தாத்தாகூட ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்தவருதான், பாபு. அதுக்கப்புறம்தான் கப்பல்ல ஏத்துனாங்க."

எனக்குப் புரியவில்லை. பத்து நாளில் புரிந்தது. பார்வதியின் பெயருக்கு ஆபீஸிலிருந்து நோட்டீஸ் போயிற்று. அனுமதியில்லாமல் சர்க்கார் நிலத்தில் தாங்குசுவரை ஒட்டிக் கடை வைத்திருப்பது வரைபடத்தின் மூலம் தெரியவருவதால், இத்தனாம் தேதிக்குள் அகற்ற வேண்டும். வரைபடம் என்னுடையது. அதுவரை அவள் எந்தத் தாளிலும் இல்லை. எந்தத் தாளிலும் இல்லாததால் யார் கண்ணிலும் படாமல் இருந்தாள். நான்தான் அவளைக் கொண்டுபோய்த் தாளில் நிறுத்தி, இதோ என்று காட்டிக்கொடுத்தேன்.

அவள் ஆபீஸுக்கே வந்தாள். நோட்டீஸை என் மேஜைமேல் வைத்தாள். ஹெட் கிளார்க், பியூன், எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"முதல்ல நான் இல்லன்னு எழுதின. எழுந்து போனேன். இப்ப இருக்கேன்னு எழுதிருக்க. இதுக்கும் நான்தான் எழுந்து போகணுமா?"

நான் நோட்டீஸில் போட்டிருந்த தேதியைப் பார்த்தேன்.

"நஹி ஜாயேங்கே" என்றாள். போக மாட்டேன். என்னிடம் அல்ல, அந்த அறை முழுவதற்கும். பிறகு நோட்டீஸை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

குறித்த தேதி கப்பல் வந்த மறுநாளாக அமைந்துவிட்டது. நோட்டீஸில் தேதி போட்டவர் சினிமா பார்க்காதவராக இருக்க வேண்டும். புதுப்பெட்டி இறங்கியிருக்கிறது, மதியக் காட்சி. ஓவர்சியர் ஒருவர், ஆறு கூலிகள், கடையை அடையாளம் காட்ட நான். போய்ப் பார்த்தால் கடை தெரியவில்லை. வரிசைதான் தெரிந்தது. தாழ்வாரத்தை நிறைத்து, தாங்குசுவரோடு வளைந்து, சாலைவரைக்கும். ஓவர்சியர் நுழையப் பார்த்தார்.

"லைன் மே ஆவோ!" என்றது ஒரு குரல்.

"இது கவர்மெண்ட் வேலைய்யா!"

"கவர்மெண்டுக்குத் தனி லைன் கிடையாது, சாப். பின்னாடி போங்க" என்றான் துறைமுகக்காரன் ஒருவன். அவனுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தவர் எங்கள் ஹெட் கிளார்க். ஓவர்சியரைப் பார்த்தார், பிறகு வானத்தைப் பார்த்தார், நகரவில்லை. ஒரு ராஞ்சிக்காரி குழந்தையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் குறுக்கே நின்றாள். நடுவில் பார்வதி டீ ஆற்றிக்கொண்டிருந்தாள், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

ஓவர்சியர் என் பக்கம் திரும்பினார். "படத்துல உள்ள கடை இதுதான்னு கையெழுத்துப் போடுங்க. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

அப்போதுதான், என் வாழ்க்கையில் ஒரே ஒருமுறை, என் யோக்கியதை எனக்குப் பயன்பட்டது.

"போட முடியாது" என்றேன். "அந்தப் படத்த நம்பி ஒண்ணும் செய்யாதீங்க. வரைஞ்சவன் பொய்யன். அவனே எழுதிக் குடுத்திருக்கான், அதே தாள்ல ஓரத்துல. பொய்யன் போட்ட படத்த வச்சு ஒரு கடைய உடைச்சா நாளைக்கு நீங்கதான் பதில் சொல்லணும். புதுசா அளக்கச் சொல்லுங்க."

ஓவர்சியர் தாளை எடுத்து ஓரத்தைப் படித்தார். இரண்டுமுறை படித்தார். "அளக்கறதுன்னா வரிசை கலையணுமே" என்றார் பலவீனமாக. வரிசை கலையவில்லை. புதிதாக உடைத்து வைத்த கிழக்கு ஜன்னல் திறந்தது. ஆறு கூலிகளில் நாலு பேர் கடப்பாரையைத் தாங்குசுவரில் சாத்திவிட்டு வரிசையின் கடைசியில் போய் நின்றார்கள். நானும் நின்றேன். அதுதான் நான் அந்தப் புதுக் கொட்டகையில் வாங்கிய முதல் டிக்கெட்.

அதற்குப் பிறகு என்னை வடக்கே வேறொரு தீவில், ரங்கத் என்ற ஊருக்கு மாற்றினார்கள். படகில் போனேன். டிராயிங் போர்டைத் தொடக்கூடாது, சாலைக்குக் கொட்டும் ஜல்லியை அளந்தால் போதும் என்று உத்தரவு. பல வருஷம் அளந்தேன். தண்டனை நியாயமானது. ஆனால் கையெழுத்து மறுத்து வரிசையில் நின்றதற்காகத்தான் அதைத் தந்தார்கள், பொய்ப்படம் வரைந்ததற்காக அல்ல. அதை மட்டும் நான் இன்றைக்கும் ஒத்துக்கொள்ள மாட்டேன். புதிதாக அளக்க யாரும் வரவேயில்லை. ஃபைல் எந்த அலமாரியிலோ தூங்கிப்போயிற்று. பார்வதி அங்கேயே இருந்தாள்.

விடுமுறையில் போர்ட் பிளேர் வரும்போதெல்லாம் அவள் கடைக்குப் போவேன். டீ கடைசியில்தான் வரும். நான் ஒருமுறைகூட மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் அவள் எழுந்து பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

கொட்டகையை எந்த அதிகாரியும் மூடவில்லை. வீட்டுக்கு வீடு டி.வி.யில் படம் வந்தது, கப்பலுக்குக் காத்திருப்பது நின்றது, பார்த்த படத்தின் கதையைப் பக்கத்தில் நிற்பவனுக்குச் சொல்ல ஆளில்லாமல் போயிற்று. ஒருநாள் கிழக்கு ஜன்னலைச் சாத்தினார்கள், மறுபடி திறக்கவில்லை. அப்போது நான் போர்ட் பிளேருக்கே திரும்பி வந்திருந்தேன். கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தபோது பார்வதி தன் கடையைத் தானே பிரித்துக்கொண்டிருந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. தகரங்களை இறக்கி அடுக்கிவிட்டாள். யாரும் நோட்டீஸ் கொடுக்கவில்லை, யாரும் கடப்பாரை தூக்கவில்லை. வரிசை இல்லாத இடத்தில் அவளுக்கு வேலையில்லை, அவ்வளவுதான்.

நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். முதுகுச் சுவரின் பலகைகள் படாக் என்ற கெட்டியான காட்டு மரம், ஒவ்வொன்றும் ஆள் நீளம். ஒன்றை அசைத்துப் பார்த்தாள். தனியாக வரவில்லை.

"சும்மா நிக்காத, பாபு. அந்தப் பக்கம் பிடி" என்றாள்.

பிடித்தேன். அதை மன்னிப்பு என்று எழுத எனக்கு உரிமையில்லை. பலகை கனமாக இருந்தது, அவளுக்கு இரண்டாவது ஆள் தேவைப்பட்டது. இருட்டும்வரை ஒவ்வொன்றாக இறக்கினோம். எல்லாம் வண்டியில் ஏறிய பிறகு அவள் அந்த இடத்தைக் கூட்டிப் பெருக்கிவிட்டுப் போனாள்.